மறுபடியும் முதலிலிருந்து

“இன் திஸ் பிக்சர் ஐ கேன் சீ எ மட்டன் ஸ்டால்” என்று தொடங்கினார் பிலோமினம்மாள். கையில் படம் எதுவும் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் ரவூப்பின் ஆட்டுக்கறிக் கடைக்கு முன்னால் கூடையோடு நின்றிருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கடைக்காரர் தொப்பி போட்டிருக்கிறார், கையில் கத்தி வைத்திருக்கிறார், பின்னால் நான்கு தொடைகள் தொங்குகின்றன என்று இடமிருந்து வலமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். தொங்குவதற்கான சொல் வரவில்லை. நிறுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் “இன் திஸ் பிக்சர்” என்றார்.

“அக்கா, கறி வாங்க வந்தீங்களா, போட்டோ புடிக்க வந்தீங்களா?” என்றார் ரவூப்.

“அரை கிலோ போடுங்க, எலும்பு கம்மியா. அந்தத் தொடைய மட்டும் எடுக்காதீங்க, நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

இது நடந்தது எண்பத்து நான்காம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு பெரிய மருத்துவமனையில் அட்டெண்டண்ட் வேலை. நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, பெட்பேன் வைத்து எடுப்பது, இறந்தவர்களைத் துடைத்துத் துணி சுற்றுவது எல்லாம் அவர் கைதான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர், கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து இரவு வகுப்புக்குப் போய் மற்றப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்திருந்தார். மீதி இருந்தது ஆங்கில வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் உதவித் தாதிப் பயிற்சியில் சேர்ந்து நர்ஸாகலாம். ஆனால் நாற்பது வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு முறை தவறியாயிற்று. இது கடைசி முறை.

என் அம்மா கடைசி இரண்டு மாதங்கள் அவருடைய வார்டில் கிடந்தார். அம்மா போகும்போது உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை. அதற்குக் காரணம் பிலோமினம்மாள். அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, தோ பாயோவில் உள்ள என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

“அண்ணே, நீங்க காலேஜ் படிச்சவங்க. எழுதுறத நான் பாத்துக்குறேன். பேசுறதுக்கு மட்டும் வழி சொல்லிக் குடுங்க.”

வீட்டில் நான் ஒருவன் மட்டும் இருந்த நாட்கள் அவை. யாராவது வந்து எதையாவது பேசினால் போதும் என்றிருந்தது. சரி என்றேன்.

தேர்வில் மூன்று பகுதிகள். ஒரு பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு தேர்வாளரோடு சில நிமிடங்கள் பேச வேண்டும். படம்தான் அவரை மிரட்டியது. நான் மாதிரி விடைகள் எழுதிக் கொடுத்தேன். கடைத்தெரு, கடற்கரை, பேருந்து நிறுத்தம், தீ விபத்து. அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தார். பிறகு பார்த்ததெல்லாம் படமாகிவிட்டது. பிஸ்கட் டின் மூடி, நகைக்கடைக் காலண்டர், மாடிப் பேருந்தின் சன்னல், எதையும் விடவில்லை.

அவர் கணவர் இஞ்ஞாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஒரு நாள் என்னிடம் முறையிட்டார். “சோறு போடுன்னு கேக்குறேன். இன் திஸ் பிளேட் ஐ கேன் சீ நத்திங்னு நான்தான் சொல்லணும் போலிருக்குலா.”

“சொல்லுங்க, அப்பவாச்சும் உங்களுக்கு இங்கிலீஷ் வருதான்னு பாப்போம்” என்றார் பிலோமினம்மாள்.

இத்தனைக்கும் வார்டில் அவர் நாள் முழுவதும் பேசியது ஆங்கிலம்தான். “அங்கிள், யூ டர்ன் திஸ் சைட். ஐ ஹோல்ட் யூ. நோ நீட் ஸ்கேர்ட்.” சீனக் கிழவர்கள் சொன்னபடி திரும்பிப் படுப்பார்கள். என் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “அது வேலை அண்ணே. அது இங்கிலீஷ் இல்ல.”

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. அக்டோபர் மாதத்தில் அவருடைய அடுக்குமாடி புளோக்கில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு செபமாலை சொல்வார்கள். முன்னின்று சொல்பவர் இவர். நடுவில் ஒரு சொல் பிசகினால் மேலே போக மாட்டார். அந்தப் பத்து மணிகளையும் தலையிலிருந்து தொடங்குவார். “தப்பாச் சொன்ன செபம் மாதாகிட்ட போய்ச் சேராது” என்பார். பிலோமினம்மா முறை என்றால் சாப்பிட்டுவிட்டுப் போ என்று புளோக்கில் ஒரு கேலியே உண்டு.

அதே முறையில்தான் ஆங்கிலத்தையும் சொன்னார். ஐந்தாவது வாக்கியத்தில் தடுமாறினால் முதல் வாக்கியத்துக்குப் போய்விடுவார். எனக்கு அது பெரிய ஒழுக்கமாகத் தெரிந்தது. தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமில்லை, “அப்படித்தான், பிழை வந்தா விட்டுடாதீங்க, மறுபடியும் முதல்லேருந்து சொல்லுங்க” என்று பாராட்டவும் செய்தேன். வார்டில் பேசுவதுபோல் ஒரு சொல்கூட உள்ளே வந்துவிடக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன்.

தேர்வன்று மதியம் நேராக என் வீட்டுக்கு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“படத்துல ரோட்டு ஆக்சிடெண்ட் அண்ணே. ஒரு வயசானவரு கீழ கெடக்குறாரு. ஒருத்தன் அக்குள்ள கைய குடுத்துத் தூக்குறான். தல தொங்குது. அப்படித் தூக்கக் கூடாதுல்ல? நாலு வரி ஒழுங்காத்தான் சொன்னேன். அப்புறம் என்னமோ, ‘கேனாட் லிஃப்ட் லைக் தட், த நெக் வில் ப்ரேக்’னு வாயில வந்துருச்சு.”

“பரீட்சை எடுத்தவங்க என்ன சொன்னாங்க?”

“அதுவரைக்கும் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாங்க. பேனாவ வச்சுட்டு என்னப் பாத்தாங்க. ‘எஸ்? வொய் நாட்?’னு கேட்டாங்க.”

“நீங்க?”

“சாரி சொல்லிட்டு மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். கழுத்துகிட்ட வந்ததும் திரும்பவும் அதே மாதிரி ஆயிருச்சு. திரும்பவும் மொதல்லேருந்து சொன்னேன். மூணாவது தடவை பாதியிலயே நேரம் முடிஞ்சிருச்சு.”

அதற்கு முன் எந்தத் தேர்வு மேசையிலும் எவரும் அத்தனை அக்கறையோடு அவரிடம் ‘ஏன்’ என்று கேட்டிருக்க மாட்டார்கள். பதில் அவரிடம் இருந்தது. இருபது வருடம் கழுத்துகளைத் தாங்கிப் பிடித்த கைகள் அவருடையவை. அந்தப் பதிலை எடுக்கவிடாமல் குறுக்கே நின்றது நான் சொல்லிக் கொடுத்த பாடம். கோப்பி ஆறிப்போய் ஆடை படிந்தது.

முடிவு வந்தது. தேறவில்லை. அடுத்த தேர்வுக்குள் அவருக்கு நாற்பது நிறைந்துவிட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “நீங்க குடுத்தத நான்தான் ஒழுங்காச் சொல்லல” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். உண்மை அப்படியில்லை என்று சொல்ல மூன்று வருடமாக எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் அந்த வயது திரும்பி வந்துவிடப் போவதுமில்லை. இப்போதும் அதே வேலை, அதே வார்டு.

போன மாதம், குடலிறக்க அறுவைக்காகப் படுத்திருந்த நண்பர் வடிவேலுவைப் பார்க்க அங்கே போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு தமிழ்ப் பெரியவர். ஆங்கிலமும் மலாயும் தெரியாதவர். புதிதாக வந்திருந்த இளம் சீன டாக்டர் அவரிடம் ஏதேதோ கேட்டுப் பார்த்துவிட்டுத் திணறிக்கொண்டிருந்தார். தரை துடைத்த வாளியை ஓரமாக வைத்துவிட்டுப் பிலோமினம்மாள் வந்தார்.

“எங்கய்யா வலிக்குது? குத்துதா, எரியுதா?” என்று கேட்டார். பெரியவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு டாக்டரிடம் திரும்பினார். “பெயின் ஸ்டார்ட் ஹியர், டாக்டர், கோ டு த பேக். த்ரீ டேஸ் ஆல்ரெடி. ஆஃப்டர் ஈட் மோர் பெயின். ஹீ ஷை, டிடின்ட் டெல் த நைட் நர்ஸ், ஹிஸ் யூரின் வெரி டார்க்.” ஒரு இடத்திலும் தயங்கவில்லை. எங்கும் திரும்பிப் போகவில்லை. டாக்டர் நடுவில் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் வந்தது. அவர் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதிக்கொண்டார்.

எழுதி முடித்து, குறிப்பு அட்டையைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டிவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். “தேங்க் யூ, நர்ஸ்” என்றார்.

பிலோமினம்மாள் சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பிறகு, வருகிற நர்ஸுக்கு வழி வேண்டுமே என்று, சுவரோடு ஒட்டி ஒதுங்கி நின்றார்.