வந்து சேராத சூடு

சூளையைத் திறந்ததும், ஆறட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பாஞ்சாலை மட்டும் வெறுங்கையால் பீங்கான் பொம்மைகளை எடுத்து அடுக்குவாள். சூடு பழகித் தோல் தடித்துவிட்டது என்ற பொருளில், விருத்தாசலத்துப் பட்டறைகளில் அதை 'கை காய்ச்சுப்போச்சு' என்பார்கள். அப்படிப்பட்ட கைக்குத் தனி மரியாதை. கூட வேலை செய்த தனக்கோடி சாக்கைச் சுற்றிக்கொண்டு எடுத்தால், "மெதுவாடி, பொம்மைக்கு வலிக்கப்போவுது" என்று பாஞ்சாலை சிரிப்பாள்.

2006இல் ஒருநாள் வீட்டில் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கி, பிடித்தபடியே புருஷன் கொளஞ்சியோடு பேசிக்கொண்டிருந்தாள். கருகல் வாடை அவனுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ஏ புள்ள, கையி கருவுது பாரு."

விரல்கள் கொப்பளித்திருந்தன. வலி இல்லை.

புதுச்சேரியில் டாக்டர் பானுமதி அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் விரலைத் தொட்டார். தொட்டபோதெல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு சுடுதண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாயையும் ஐஸ் தண்ணீர் ஊற்றியதையும் விரலில் மாற்றி மாற்றி வைத்து, எது சூடு என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க, வெறும் கண்ணாடி" என்றாள்.

ஸ்கேன் வந்தபின் டாக்டர் விளக்கினார். தொட்ட சேதி தண்டுவடத்தின் பின்பக்கமாக, நுழைந்த பக்கத்திலேயே நேரே ஏறும். மூளையை நெருங்கிய பிறகே மறுபக்கம் மாறும். சூடும் வலியும் அப்படியல்ல. உள்ளே வந்த கொஞ்சத்திலேயே தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடந்து, மறுபக்கத்தில் ஏற வேண்டும். பாஞ்சாலைக்குக் கழுத்தருகே அந்த நடுவில்தான் நீர் கோத்து, கடக்கும் இழைகளைக் கெடுத்திருந்தது.

"ஆபரேஷன் பண்ணா மேல பரவாம நிறுத்தப் பாக்கலாம்மா. போன உணர்ச்சி திரும்பறது சந்தேகம்."

பஸ்ஸில் கொளஞ்சி, "தொடறது இக்கரையிலயே போவுற பஸ்ஸு. சூடு பாலத்தத் தாண்டணும். பாலம் ஒடஞ்சி கெடக்குது, அவ்ளோதான்" என்றான்.

"எத்தினி வருசமா கெடக்குதோ."

அதுதான் அவளை அரித்தது. ஒரே விரலில் புறப்படுவதால் தொடுவதையும் சுடுவதையும் ஒன்றென்றே நினைத்திருந்தாள். ஒன்று வந்துகொண்டிருந்ததால் மற்றது வராமல் போனது தெரியவில்லை. பொறுத்துக்கொள்ள ஏதாவது வந்து சேர்ந்திருந்தால்தானே அது பொறுமை? அப்படியானால் ஊர் மெச்சியது எதை? கைக்குச் சூடே தெரியாது என்று சொன்னால் சூளையில் முதலிடம் போகும். சொல்லாவிட்டால் விரல்கள் போகும்.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். சூளை திறந்ததும் எல்லோரும் வழிவிட்டார்கள். கையை நீட்டியவள் இறக்கிக்கொண்டாள்.

"தனக்கோடி, நீ தொட்டுப் பாரு."

"நானாக்கா? சுடுமே."

"சுடுதான்னுதான் கேக்குறன். எனக்குத் தெரியலடி."

தனக்கோடி ஒரு பொம்மையைத் தொட்டுவிட்டு விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கொதிக்குதுக்கா."

பாஞ்சாலை பின்னால் வந்து, மற்றவர்களோடு சூளை ஆறக் காத்து நின்றாள்.