கிழிந்த வீச்சு

திருமானூரில் வறுகடலை விற்கும் பூமாலைக்குப் பல் எல்லாம் போய்விட்டது. பரோட்டா மாஸ்டர் லீலாவதி அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பூமாலை கடைக்குள் வந்து உட்கார்ந்தால் போதும், "அட, கிழிஞ்சு போச்சே!" என்பாள். வீச்சுப் பரோட்டாவைப் பூப்போலப் பிய்த்து, சால்னாவில் ஊறவைத்து, "இத வேற யாருக்குக்கா வைக்கிறது? நீங்களே சாப்புடுங்க" என்று நீட்டுவாள். நாம் வந்தாலே கிழிகிறதே, நம் ராசி அப்படி என்று பூமாலை நினைத்துக்கொள்வாள்.

லீலாவதி அந்தப் பரோட்டாக் கல்லுக்கு வந்தது லேசில் இல்லை. நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், மாவு பிசையத்தான் கடைக்கு வந்தாள். கல்லில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்டதும் முதலாளி இளையபெருமாள் சிரித்தார்.

"தேய்ச்சா சப்பாத்தி, வீசுனாத்தான் வீச்சு. பேரே அதுலேருந்து வந்ததுதான். பொம்பளத் தோளு தாங்குமா?"

"நாத்துக் கட்டுகள வரப்புலேருந்து நடுவயலுக்கு வீசுன தோளுங்க இது."

"நாத்து கிழியாது தாயி, மாவு கிழியும். போய் உருண்டை புடி."

அவளும் உருண்டை பிடித்தாள். வீட்டில் ஈரத்துண்டை வீசி வீசிக் கையைப் பழக்கினாள்.

பங்குனியில் திருமழபாடி நந்தி கல்யாணம். சாமி பார்த்துத் திரும்பிய ஜனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் மதுரைவீரன் கையில் கொதிக்கிற எண்ணெயைக் கொட்டிக்கொண்டார். இளையபெருமாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். லீலாவதி, "திருமழபாடி வைத்தியநாதா, நீ பாத்துக்க" என்று மாவு மேடையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"ஆத்தா, அது துவைக்கிற கல்லு இல்ல!" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் கத்த, கடையே சிரித்தது.

அவள் வீசினாள். மாவு காற்றில் விரிந்து, மேடையில் படிந்து, மறுபடி எழுந்தது. வீச வீச அகன்றது. கடைசியில் அதற்கடியில் மேடையின் கறுப்பு தெரிந்தது. ஓரிடத்திலும் கிழியவில்லை. சிரித்தவனே முதலில் தட்டை நீட்டினான்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணு!"

இளையபெருமாள் எழுந்து கையைக் கழுவினார். "நீ வீசு தாயி. உருண்டை நான் புடிக்கிறேன்."

கூட்டம் கலையும் வரை அவர்தான் பிடித்தார். கடலைக்கூடையோடு வாசலில் நின்று பூமாலை எல்லாவற்றையும் பார்த்தாள். அன்றிலிருந்து கல் லீலாவதியுடையது.

போன தையில் லீலாவதி அரியலூரில் சொந்தக் கடை போடக் கிளம்பினாள். பஸ் ஜன்னல் வழியே கடலைப் பொட்டலத்தைக் கொடுத்த பூமாலை, நெடுநாள் கேள்வியைக் கேட்டேவிட்டாள்.

"அன்னைக்கு அம்புட்டு கூட்டத்துக்கும் வீசுன, ஒண்ணுகூடக் கிழியல. நான் வந்தா மட்டும் ஏன்டி கிழியுது? என் ராசியா?"

பஸ் நகர்ந்தது. லீலாவதி தலையை வெளியே நீட்டினாள்.

"ராசியெல்லாம் இல்லக்கா. வீச்சுக்கும் ஆளப் பாத்துக் கிழியத் தெரியும். அரியலூருக்கு வாங்க, அங்கயும் கிழியும்!"