அடையாற்றில் கொட்டிய செம்மண்ணில் ஒரு கற்கோடரி

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை ஒரு கல்லைத் தேடிக் கிளம்பினேன். மறுநாள் என் நண்பன் கோபாலுக்கு இருதய அறுவை சிகிச்சை. கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் சினிமா லைட்மேனாக இருந்தவன். ராயப்பேட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே பிடிவாதம். "மச்சி, நம்ம கல்ல ஒருவாட்டி கண்ணுல காட்டிடு. அப்பால இன்னா ஆனாலும் ஆவட்டும்."

நம்ம கல் என்றால், எட்டு வருஷம் முன்பு திருவள்ளூர் பக்கம் ஒரு மேட்டு நிலத்தில் பழங்கற்கள் தேடித் திரிந்தபோது நாங்கள் பார்த்த ஆதிமனிதனின் கற்கோடரி. உள்ளங்கை அளவுதான். எடுக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கிடந்த இடத்தை விட்டு வந்தால் அது வெறும் கல். படம் பிடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டோம். வருஷா வருஷம் மழை முடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கூட்டம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமாம். பெரிய புத்திசாலிகள்!

முந்தின நாள் இரவே நிலத்துக்காரருக்குப் போன் செய்தேன். மேட்டை வெட்டி, மனை நிரப்பும் கிராவல் மண்ணாக விற்றாகிவிட்டது. கடைசி லோடுகள் அடையாற்றில் ஒரு மனைக்குப் போயினவாம்.

காலை 6.20க்கு மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டர், 150 ரூபாய்.

"இன்னா சார், காலங்காத்தால பிளாட் பாக்கப் போறியா?"

"இல்லப்பா, கல் பார்க்க."

"அட்றா! அடையாறு போயி கல்லு பாக்குற ஆளு நீதான் சார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனையைக் கண்டுபிடிப்பது சுலபம். அடையாற்றின் சொந்த மண் சாம்பல் நிற மணலும் களியும்தான். கூழாங்கல் கலந்த சிவப்பு எங்கே தெரிந்தாலும் அது லாரியில் வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "ஒம்பதரைக்கு கான்கிரீட் வண்டி வந்துடும். அதுக்குள்ள பாத்துக்கோ" என்றார்.

ஏழு மணி வெயில் தரையோடு சாய்ந்து விழும். கல்லின் ஒவ்வொரு விளிம்புக்கும் நிழல் கிடைக்கும். இது கோபால் சொல்லிக்கொடுத்தது. வெளிச்சம் அவன் தொழில். தானாக உடைந்த கல்லில் உடைப்பு கண்டபடி இருக்கும். மனிதன் தட்டியதில் இரு பக்கமும் சில்லுகள் பெயர்ந்து ஒரே கூரில் வந்து சேரும். வயலில் என்றால் மழைநீர் அரித்த ஓடைக் கரையில் தேடலாம், எந்த மண் அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்லலாம். இங்கே எல்லா அடுக்கும் ஒரே குவியல். எதைப் படிப்பது?

9.10க்கு ஒரு பாதிக் கோடரி கிடைத்தது. மண்வெட்டும் இயந்திரம் பட்டு உடைந்திருந்தது. உடைந்த முகம் புதிதாக வெளுத்திருந்தது. எங்கள் கல் இல்லை. கான்கிரீட் வண்டி வந்துவிட்டது. முதல்முறையாகச் சட்டத்தை மீறிக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு கோபால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நம்மளுது இல்ல. எங்க கெடந்துச்சி?"

பொய் சொல்லலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபால் கல்லைப் போர்வை மேல் வைத்தான். "அவன் லாரில எடுத்துக்கினு போனான், சரி. எட்டு வருசம் நாம ஏன்டா வாயத் தொறக்கல?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன். எனக்கும் அழுகை வந்தது.

தேடப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தண்ணீர், தொப்பி, நிலத்துக்காரரின் அனுமதி எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கல்லைப் பார்த்தால் தொடாதீர்கள். படம் எடுத்து, போனில் இடத்தைக் குறித்து, அன்றைக்கே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். பொத்திப் பொத்தி வைத்தால் எங்கள் கதிதான்.

கோபால் பிழைத்துக்கொண்டான். இப்போது வீட்டில்தான் இருக்கிறான், தேடப் போகலாமா என்று கேட்பதில்லை. பாதிக் கோடரியைத் தொல்லியல் துறை அலுவலகத்தில் ஒப்படைக்கப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 'அடையாறு, லாரி மண்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.