அம்மை கட்டிய ராணி வேஷம்

அம்மை மேடையேறுவதற்கு முன்பு, பாறசாலைப் பக்கத்துச் சங்கீத நாடகங்களில் ராணியாக நடித்தது என் அப்பா. அப்போது ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டுவார்கள். அப்பா நல்ல சிவப்பு, குரலும் மென்மை. ஒரு மழைக்காலத்தில் அந்தக் குரல் உடைந்தது, பிறகு திரும்பவே இல்லை. கிறிஸ்தவச் சபையில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்த அம்மையை அவர் தனக்குப் பதிலாகக் கூட்டிப்போனார்.

சபை மூப்பர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "பொம்பள மேடையில பாடினா ஊரு என்ன சொல்லும்?"

"நான் சேலை கட்டி ஆடினப்ப ஊரு ஒண்ணும் சொல்லல்லியே" என்றார் அப்பா.

அம்மை நல்ல கறுப்பு. ஆர்மோனியம் வாசித்து நாடகத்தையும் நடத்திய வாத்தியார், அவள் முகத்திலும் கழுத்திலும் வெள்ளை பூசவைத்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அது எடுபட்டது.

தம்பி பிறந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்கார மதாம்மை இருந்தார். அம்மை தாலாட்டுவதைக் கேட்டுவிட்டு, தங்கள் ஊரில் ஒரு கறுப்பினப் பெண் பெரிய சங்கீத நாடகங்களில் முக்கிய வேஷம் கட்டிப் பாடுவதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்ணின் இனத்தாரை முன்வாசல் வழியாக விடாத கொட்டகைகள்கூட அங்கே உண்டாம்.

அம்மை ஒன்றுதான் கேட்டாள். "அவிய மொகத்துல வெள்ளை பூசுவினுமா?"

இல்லை என்றார் மதாம்மை. அவர் சொன்ன பெயர் அம்மையின் நாக்கில் நிற்கவில்லை. அன்றிலிருந்து 'அமெரிக்கா அக்கா' என்றே சொல்லிவந்தாள்.

மலையாள அரசின் கீழிருந்த எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் சூடுபிடித்ததும், இருட்டியபின் ஆள் கூடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதனால் செங்கல் என்ற ஊரில் நடக்கவிருந்த நாடகத்தைப் பகலில் வைத்தார்கள். சித்திரை வெயில். வேர்வையில் பூச்சு வழிந்து அம்மையின் முகம் கோடு கோடானது. முன்வரிசையில் சிரித்தார்கள். முதல் காட்சி முடிந்ததும் அவள் உள்ளே வந்து வாளித் தண்ணீரில் முகம் கழுவினாள். நான் முகம் துடைக்கத் துவர்த்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாத்தியார் பதறினார். "ராணிக்க மொகம் இப்பிடியா இருக்கும்?"

"எனக்க மொகம் இப்பிடித்தான் இருக்கும். அமெரிக்கா அக்கா இப்பிடியே நின்னுதானே பாடுதாவ."

வாத்தியார் அப்பாவைப் பார்த்தார். "நீரு போய் ஆர்மோனியத்தைப் பிடியும் ஓய்" என்றார் அப்பா.

திரை விலகியதும் கூட்டம் சலசலத்தது. அம்மை, சிறையில் கிடக்கும் ராணியின் பாட்டை எடுத்தாள். பூச்சில்லாத அந்த முகத்தில் துக்கம் அப்படியே தெரிந்தது. சலசலப்பு அடங்கிப்போனது. பாட்டு முடிந்ததும், காவலுக்கு நின்ற மலையாளத்துப் போலீஸ்காரர், "ஒந்நுகூடி" என்றார். அம்மை மறுபடியும் பாடினாள்.

எல்லை பிரிந்தபோது எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. அம்மை இரண்டு பக்கமும், இரண்டு மொழியிலும் பாடினாள். வேஷப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா கூடவே போனார். அவளைப் பார்த்து வேறு பெண்களும் மேடைக்கு வந்தார்கள்.

வயதான காலத்தில் ஊர் நூலகத்தார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு பாட்டுக் கேட்டார்கள். பாதியில் குரல் மேலே போகவில்லை. "எட்டல்ல மக்கா, வயசாச்சு" என்று சிரித்தாள். பிறகு சுருதியை இறக்கிப் பிடித்து, முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.