நான்கு கிலோ இருநூறு கிராம் துணி

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்தேன், ஸ்கூட்டரைத் துடைத்தேன், ஏழு மணிக்கு இட்லி. ஏழே முக்காலுக்கு மனைவி வாஷிங் மெஷினில் துணியைப் போட்டாள். வெளியே தூறல். எட்டு முப்பத்தைந்துக்கு மெஷின் தடதடவென்று ஆடி, மூன்றாவது முறையாகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, பிழியாமலே நின்றது.

ஒரு மாதமாக இதே கதை. லேசான துணியென்றால் பிழியும். பெட்ஷீட்டோ கனத்த பேண்ட்டோ சேர்ந்தால் நின்றுவிடும். நான் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடமாக கன்வேயர் பெல்ட் பராமரிப்பவன். சுமை ஏறியதும் ஓட்டம் நின்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது பெல்ட் வழுக்குகிறது என்பதுதான். மெஷினைச் சாய்த்து அதன் பெல்ட்டை மாற்றினேன். தண்ணீர் வெளியேறும் குழாயைக் கழற்றிக் கழுவினேன். பஞ்சு வடிகட்டியைத் தேய்த்தேன். எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மிச்சமிருந்த காரணம் மச்சான், என் மனைவியின் தம்பி. வளையமாதேவிப் பக்கம் அவர்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு காண்ட்ராக்ட் வேலையில் சேர்ந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் பதினோரு மாதமாக இருந்தான். சேறு அப்பிய அவனுடைய இரண்டு செட் யூனிஃபார்மும் எங்கள் துணியோடுதான் போயின.

முந்தின வாரமே அத்தனை துணியையும் உலர்ந்த நிலையில் கொக்கித் தராசில் நிறுத்திருந்தேன். நான்கு கிலோ இருநூறு கிராம். மெஷின் ஆறரைக் கிலோ தாங்கும். நோட்டில் எழுதினேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. அந்த எண் அவனுக்குச் சாதகமாக இருந்தது.

"இனிமே அவன் பேண்ட்டப் போடாத. மெஷின் லோடு தாங்கல," என்றேன் மனைவியிடம்.

"துணிக்கு எடமில்லன்னா ஆளுக்கும் எடமில்லன்னுதான அர்த்தம்? நேராவே சொல்லிடுங்க."

மச்சான் முன்னறையில்தான் இருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே சொன்னேன். எழுந்து வந்தான்.

"ஏன் மாமா, என் ரெண்டு பேண்ட்டு எத்தன டன்னு இருக்கும்?"

"டன்னோ கிலோவோ, மெஷின் என்னுது."

அவன் தரையில் குந்தினான். "அக்கா, இன்னொருவாட்டி சுத்த வுடு," என்று சொல்லி மெஷினின் அடியைப் பார்த்தான். "இன்னா மாமா இது, கீழ?"

கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டுகள். டவுன்ஷிப்பில் பாதி வீடுகளில் வாசல் மிதியடியே அதுதான். அக்டோபரில் சத்தம் குறையட்டும் என்று நான்கு கால்களுக்கும் வெட்டி வைத்தேன். குளியலறைத் தரை சரிவு என்பதால் முன்கால்களுக்கு இரண்டடுக்கு. தடித்த ரப்பர், கனம் ஏறினால் அமுங்கி எழும்பும்; மெஷின் ஆடும், ஆடினால் பிழியாமல் நின்றுவிடும். நோட்டில் அது பழுதுகளின் பக்கத்தில் இல்லை. 'செய்த மேம்பாடுகள்' பக்கத்தில் இருந்தது.

அவன் மெஷினை நிறுத்தி எல்லாத் துண்டுகளையும் உருவினான். என் ஸ்பேனரைக் கேட்காமலே எடுத்தான். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மூடிமேல் படுக்கவைத்து மட்டம் பார்த்துக் கால்களைத் திருகினான். உள்ளே ஒரே பக்கமாகக் குவிந்திருந்த பேண்ட்டுகளைப் பிரித்துச் சுற்றிலும் பரப்பினான். மெஷின் சுற்றியது. வேகமெடுத்ததும் சத்தம் ஒரே சீரானது.

"இருவத்தாறு வருசமா பெல்ட்டு பாத்துகினு, வூட்ல மெஷின பெல்ட்டு மேலயே ஏத்தி நிக்க வெச்சிக்கிறாரு, பாரு!"

மனைவி சிரித்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நீ வந்ததுக்கு அப்புறம்தான்டா இந்த வீட்டுல எல்லாமே ஆடுது," என்றேன்.

அவன் கையை லுங்கியில் துடைத்தான். சார்ஜர், சீப்பு, போர்வை எல்லாம் பைக்குள் போயின. கம்மாபுரத்தில் கூட வேலை செய்பவனின் அறைக்குப் போகிறானாம்.

"துணி சுத்திகினு இருக்குதுடா, மூடி தொறக்காது. ஏழு நிமிசம் இருடா," என்றாள் மனைவி.

"இருக்கட்டும்க்கா. மாமாவுக்குத்தான் இப்ப லோடு கொறஞ்சிடுச்சே."

போய்விட்டான். மறுநாள் ஆறு மணிக்கு அவனுக்கு முதல் ஷிப்ட். யூனிஃபார்ம் இல்லாதவனைக் காண்ட்ராக்ட் மேஸ்திரி உள்ளே விடமாட்டார். அவனிடம் இருந்த இரண்டு செட்டும் மெஷினுக்குள் இருந்தன. மனைவி அவற்றை ஹாலில் மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டாள். என் கோபம் தணியவில்லை. அவன் செய்தது சரி என்பதால் அது அதிகமாகத்தான் ஆனது.

திங்கட்கிழமை நான்கு நாற்பதுக்கு எழுந்ததும், பல் விளக்கும் முன்பே, அந்தப் பேண்ட்டுகளின் இடுப்புப் பட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தன. இரண்டு செட்டையும் மடித்துப் பையில் போட்டு, மனைவியை எழுப்பாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். காண்ட்ராக்ட் கேட் வரிசையில், இடுப்பில் நிற்காத இரவல் பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பையை நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான்.

"அக்கா குடுத்தனுப்புச்சா?"

"ஆமா," என்றேன்.