மூடிய கதவுப் பாட்டு

மொபைல் ரிப்பேர் கடையில் ஸ்பிரிட் வாசனை அடித்ததும் பாகலூர் ரோட்டில் மஞ்சண்ணா நடத்திய கேசட் கடைதான் ஞாபகம் வந்தது. இப்போது அங்கே கார் ஷோரூம் நிற்கிறது. டேப் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து, ஒரு பெங்களூர் ராக் குழுவின் கன்னடப் பாட்டையே அவர் திரும்பத் திரும்பப் போடுவார். ஷிஃப்ட் முடிந்தவர்களும், ஸ்டிரைக் செய்ததற்காகக் கம்பெனி வெளியே நிறுத்திய என் அப்பாவும், அப்பா மடியில் நானும் உட்கார்ந்து கேட்போம். மூடிய கதவின் முன்னால் ஒருவன் நிற்கிறான், அவ்வளவுதான் பாட்டு.

"வசனம்னு எங்க பழைய பக்திப் பாட்டு இருக்கே, அதுல வர்ற கோயில் கதவுப்பா" என்பார் மஞ்சண்ணா.

"உங்க கோயில் இருக்கட்டும்ணா. இது கம்பெனி கேட்டு. குனியாம நில்லுன்னு எனக்குச் சொல்றான்" என்பார் அப்பா.

அப்பாவோடு வெளியே நின்ற மற்றவர்கள் கம்பெனிக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்து உள்ளே போனார்கள். அப்பா கொடுக்கவில்லை. அந்த வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

நேற்று அந்தப் பாடகன் டிவி பேட்டியில் சிரித்தான். அந்தப் பாட்டுக்கு அர்த்தமே கிடையாதாம், மெட்டுக்கு வார்த்தை குறைந்ததால் வாயில் வந்ததைப் போட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அப்பா முழுவதையும் கேட்டார்.

"அப்ப நானும் எழுதிக் குடுத்துட்டு உள்ள போயிருக்கலாம், இல்ல பாப்பா?" என்றார்.