இரண்டு சுற்று அதிகம்

மலைக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், தேயிலைச் சரிவைப் பார்ப்பார்கள். நான் அண்ணாந்து, மின்கம்பி தொங்கும் கிளாம்பைப் பார்ப்பேன். வேலையை விட்ட பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. கூட நடப்பவர்கள், "மேஸ்திரிக்குக் கழுத்து வலிக்காதா?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஒரு மனிதனின் பிழைப்பை அந்த இரும்புத் துண்டில் வைத்து நசுக்கியவன் நான் என்று அவர்களிடம் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

மலையாளக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்களே, அது பழைய கம்பங்களை எல்லாம் அடித்துக்கொண்டு போன மறுவருஷம் நான் இங்கே லைன் மேஸ்திரியாக வந்தேன். சின்னக்கானலுக்கு அருகே ஓர் அருவியின் கீழே சின்ன பவர்ஹவுஸ். அங்கிருந்து மின்சாரம் ஒரு பெரிய பள்ளத்தைத் தாண்டி, சூரியநெல்லிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். பழைய லைனில் கம்பியைப் பீங்கான் குமிழின் தலையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். புதிய லைனில் பீங்கான் தட்டுகள் சரமாகத் தொங்கும். சரத்தின் அடியில் கிளாம்பு, கிளாம்பின் பிடியில் கம்பி.

கிளாம்பில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பி படுத்துக்கொள்ளத் தோணி மாதிரி ஒரு துண்டு, அதன்மேல் ஒரு மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த போல்ட் இரண்டு, நட்டு நான்கு. கம்பியின்மேல் மெல்லிய செப்புப் பட்டையைச் சுற்றி, தோணியில் வைத்து, மூடியைப் போட்டு நட்டை முடுக்க வேண்டும். அந்த முடுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்வாக விட்டால் கம்பி நழுவும். அதிகம் இறுக்கினால் கம்பி நசுங்கும். நசுங்கிய இடம் அன்றைக்கே அறாது. மழைக்காற்றில் ஆடி ஆடி, நாம் மறந்துபோன பிறகு அறும். அதனால் சாண் நீள ஸ்பானர்தான் மேலே போகலாம், வெறும் கை வலுவோடு நிறுத்திவிட வேண்டும் என்று எஞ்சினியர் துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. திருநெல்வேலிப் பக்கம் பாதிரிமார் பள்ளியில் எட்டு வரை படித்தவன், ஒரு பட்டறையில் பிட்டராக இருந்தவன். லைன் வேலையில் துரையோடு இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். துரை ஒன்று சொன்னால் நான் அதைத் தமிழில் நாலாக்கிச் சொல்வேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம். தொப்பி ஒன்றுதான் பாக்கி.

கம்பம் ஏறுகிறவர் மலையாளி. பாலக்காட்டுக்கு மேற்கே ஏதோ ஓர் ஊர். கமுகு ஏறிப் பழகிய கால், கம்பத்தில் வழுக்காமல் போகும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மனைவியும் இரண்டு சின்னக் குழந்தைகளுமாக லயத்து வரிசை வீட்டில் ஓர் அறையில் இருந்தார். அறை வேலையோடு வந்தது. வேலை போனால் அறையும் போய்விடும். தோட்டத்தில் மற்ற எல்லாரும் எங்கள் பக்கத்துத் தமிழ் ஆட்கள். அவர் ஒருவருக்காக மலையாளம் கற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலையாளம் என்ன, தமிழைக் கொஞ்சம் மூக்கால் பேசினால் ஆயிற்று என்று மற்றவர்களிடம் பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

பங்குனியில் பள்ளத்தின் விளிம்பிலுள்ள கம்பத்துக்கு வந்தோம். லைனிலேயே கம்பத்துக்குக் கம்பம் நீளமான வீச்சு அங்கேதான். இந்தப் பக்கக் கிளாம்பு கம்பியின் பாரத்தைத் தாங்குமா என்று எனக்குப் பயம். அவர் மேலே இருந்தார், நான் கீழே. காற்று பேச்சைப் பாதி தின்றுவிடும். அவர் ஸ்பானரைத் திருப்பினார், நிறுத்தினார், குனிந்து என்னைப் பார்த்து ஒரு சொல்லைக் கூவினார்.

"பற்றில்லா, மேஸ்திரி!"

எழுத்தில் இருக்கும் 'ற்ற' எங்கள் பக்கத்து வாயில் 'த்த' ஆகிவிடும். பற்றாது என்று எழுதிவிட்டுப் பத்தாது என்போம், பத்தலை என்போம். என் காதில் விழுந்ததும் அதுதான். முடுக்கியது பத்தலையாம்.

"பத்தலைன்னா இன்னும் ரெண்டு சுத்து போடும்வே!" என்று நான் கத்தினேன்.

அவர் மறுபடியும், "பற்றில்லா! பற்றில்லா!" என்றார். கையை வேறு விரித்துக் காட்டினார். சாண் ஸ்பானர் போதவில்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஸ்பானரின் பிடியில் மாட்டினால் நெம்புவதற்கு நீளம் கிடைக்கும் என்று, முழ நீள இரும்புக் குழாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். துரை கூடாது என்றது இதைத்தான். அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாட்டி, உடம்பின் கனத்தை எல்லாம் போட்டு, இரண்டு சுற்று திருப்பினார். இறங்கி வந்தபோது அவருடைய உள்ளங்கை உரிந்திருந்தது. "இப்பதான்வே வேலை வேலையா இருக்கு" என்று முதுகில் தட்டினேன். மீதிக் கம்பங்களிலும் அந்தக் குழாயையே போடச் சொன்னேன்.

ஆடிக் காற்றில் அந்தக் கிளாம்பின் வாயில் கம்பி அறுந்தது. தேயிலைச் செடிகளின் மேல் நூறடிக்கு விழுந்து கிடந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் அன்றைக்கு அடுத்த மலையில் இருந்தார்கள். அது அவர்கள் செய்த புண்ணியம், என் கவனம் அல்ல. தொழிற்சாலை மூன்று நாள் நின்றது. மாடியில் வாடப் போட்டிருந்த கொழுந்து கறுத்து நாறியது.

துரை அறுந்த முனையை மேசைமேல் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கம்பி தட்டையாக நசுங்கி, ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. இது காற்று அறுத்ததல்ல, மனிதன் அறுத்தது என்றார். ஏன் இவ்வளவு இறுக்கினான் என்று அவனிடம் கேள் என்றார். நான் தமிழில் கேட்டேன்.

அவர் துரையைப் பார்த்தே பதில் சொன்னார். இடது கையை முஷ்டியாக்கி, அதுதான் நட்டு என்பதுபோல் நீட்டினார். வலது கையால் அதைத் திருகினார். ஓர் இடத்தில் கை நின்றது. தலையை ஆட்டினார்.

"இனி முறுக்கான் பற்றில்லா, கம்பி சதயும். அதா ஞான் பறஞ்ஞது, சாரே. பற்றில்லா, பற்றில்லான்னு."

இனிமேல் முடுக்க முடியாது, கம்பி நசுங்கிவிடும். அந்த மனிதர் 'முடியாது' என்று கத்தியிருக்கிறார். நான் 'போதாது' என்று கேட்டிருக்கிறேன். முடியாது என்றவருக்குத்தான் குழாய் அனுப்பியிருக்கிறேன். இவ்வளவும் அந்த மேசை முன்னால், அவருடைய இரண்டு கைகளைப் பார்த்து எனக்குப் புரிந்தது. இன்னொன்றும் கவனித்தேன். குழாயைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மேஸ்திரி சொன்னதால் செய்தேன் என்றும் சொல்லவில்லை. தான் சொன்னதை மட்டும் சொன்னார், மீதியை எனக்கு விட்டுவைத்தார்.

"என்ன சொல்கிறான்?" என்று துரை கேட்டார். நான் இங்கிலீஷில், "இறுக்கியது போதவில்லை என்று அவனுக்குத் தோன்றியதாம், சார்" என்றேன்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் இத்தனை வருஷமாக எனக்குள் சாக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். செல்லுபடியாகவில்லை. தெரிந்துதான் சொன்னேன். என் வேலை போகும், துரை முன்னால் மொழி தெரியாத முட்டாளாக நிற்பேன் என்று பயந்து சொன்னேன். இரண்டில் எது அதிகம் என்றால், முட்டாளாக நிற்பதுதான். இதை ஒப்புக்கொள்ள இன்னும் கூசுகிறது.

எது போதும் என்று தெரியாத கை எனக்கு வேண்டாம் என்று துரை முடித்துவிட்டார். மறுநாள் உச்சிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கையைக் கூப்பிக்கொண்டு, பிள்ளைக்குட்டிக்காரன் சார், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் சார் என்று இங்கிலீஷில் நெடுநேரம் கெஞ்சினேன். செய்யாத தப்புக்கு மன்னிப்பையும் நானே கேட்டு, தப்பு அவருடையதுதான் என்று முத்திரை குத்தினேன். துரை அசையவில்லை. பக்கத்தில் நின்றவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என் கூப்பிய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சாரலில் அவர்கள் புறப்பட்டார்கள். மனைவி தலையில் பாயும் பானையும், இடுப்பில் சின்னது. பெரியது அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது. அவர் என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"மேஸ்திரி எனிக்கு வேண்டி கை கூப்பியல்லோ. துரை கேட்டில்லா. சாரமில்ல மேஸ்திரி, சாரமில்ல."

பரவாயில்லை, பரவாயில்லை என்று என்னைத் தேற்றினார். நான் உண்மையைச் சொல்லி அவருக்காகப் பேசினேன், துரைதான் காது கொடுக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். குடை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. அதைக் கொடுக்கவும் தோன்றவில்லை.

அந்த வாரம் ஒருநாள் துரையிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று பங்களா வாசல்வரை போனேன். நாய் குரைத்தது, திரும்பிவிட்டேன். கட்டிப்போட்ட நாய். அதற்குப் பிறகு புதிய ஆளை ஏற்றி, குழாய் போட்டு முடுக்கிய மற்றக் கிளாம்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். இரண்டில் கம்பி நசுங்கியிருந்தது. மாற்றினோம். சொல்லாமலே சோதனை செய்கிறவன் என்று துரை எல்லார் எதிரிலும் என்னைப் புகழ்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அதற்கும் பேர் கிடைத்தது.

எட்டொன்பது வருஷம் கழிந்திருக்கும். ஒரு வேலையாகக் கம்பம் ஊருக்குப் போய்விட்டு வரும்போது கம்பம்மெட்டுச் சந்தையில் ஏலக்காய் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டை சுமந்த ஒருவர் அதைப் பொத்தென்று போட்டுவிட்டு, "மேஸ்திரி!" என்று ஓடி வந்தார். தோள் இறங்கி, தலை நரைத்திருந்தது. குரலில்தான் ஆளைக் கண்டுகொண்டேன். பிறகு கம்பம் ஏறும் வேலை எங்கேயும் கிடைக்கவில்லையாம். கம்பியை அறுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய்விட்டதாம். அதையும் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்ததாம் என்பதுபோலச் சொன்னார். சாயாக்கடையில் என்னை உட்கார வைத்து, ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு, எனக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

"நான் சொல்லுவேன்ல, துரைக்கு முன்னால எனக்காகப் பேசின மேஸ்திரி. இவருதான்."

அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

அவர் இப்போது நன்றாகத் தமிழ் பேசினார். எனக்கு அதுதான் பயம். பத்தலை என்ற சொல்லை இந்தச் சந்தையில் தினம் நூறு தடவை கேட்டிருப்பார். எப்போதாவது ஒருநாள் அன்றைய கம்பத்தடி நினைவுக்கு வந்து, எல்லாம் விளங்கியிருக்குமோ? அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, ஒரு காரியம் கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல உண்டு."

சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவது, அவர் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு இங்கிலீஷ்ல அவ்வளவு நேரம் பேசுனீங்களே. என்னைப் பத்தி என்ன சொன்னீங்க? எனக்கு அது தெரியணும்."

முகத்தில் சந்தேகமே இல்லை. ஆசை மட்டும்தான் இருந்தது. மனைவியும் காத்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"ஹி ஈஸ் எ குட் மேன்னு சொன்னேன். இவர் நல்ல மனுசன்னு அர்த்தம்."

"இங்கிலீஷ்லயே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. மனைவியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, தானே சொல்லிப் பார்த்தார்.

"ஈ ஈசு எ குட்டு மேனு."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் இன்னும் இரண்டு தடவை சொல்லி மனதில் வாங்கிக்கொண்டு, "சரிதானே, மேஸ்திரி?" என்று என்னைக் கேட்டார்.

"குட்டு இல்லை, குட்" என்று திருத்தினேன்.